பாலத்தின் நடுவில் குழந்தை வண்டி

ஜூலை 4, வியாழன்
ஆற்றுக்கு இந்தப் பக்கம்

சின்னவளுக்கு,

தொலைபேசியில் பேசினால் நீ கத்துவாய், நான் வைத்துவிடுவேன், மறுநாள் இருவரும் வேறு வேறு விஷயம் பேசியதாகச் சாதிப்போம். அதனால் எழுதுகிறேன். தினமும் காலையில் ஆக்சிஜன் சிலிண்டர் மாற்ற வரும் வண்டியில் கொடுத்தனுப்புகிறேன். நீயும் எழுத்திலேயே பதில் சொல்.

செவ்வாய்க்கிழமை மாலை 5.20க்குப் பாலத்தில் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்த இயந்திரம் நம் இரண்டு கட்டுப்பாட்டு அறைகளையும் இணைக்கும் கேபிளை அறுத்துவிட்டது. அதற்கு நீ காரணமில்லை. அதற்குப் பிறகு நடந்த அத்தனைக்கும் நீதான் காரணம்.

நம் ஆம்புலன்ஸ் சர்வீஸின் முதல் விதியை இன்னொரு முறை எழுதுகிறேன், நீ ஒருமுறைகூடப் படித்ததில்லை என்பது இப்போது தெரிந்துவிட்டதால். நமக்கு மூன்று சர்வர்கள். ஒன்று என் அறையில், ஒன்று உன் அறையில், மூன்றாவது அப்பா வீட்டில். மூன்றில் இரண்டு ஒத்துப்போனால்தான் எந்த வண்டிக்கும் கட்டளை போகும். இரண்டு சேரவில்லை என்றால் திரையில் "பெரும்பான்மை இல்லை, காத்திருக்கவும்" என்று வரும். காத்திருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் நிற்க வேண்டும். ஒரே வண்டியை இரண்டு பேருக்கு வாக்குக் கொடுக்காமல் இருக்க வேறு வழி கிடையாது.

நீ காத்திருந்தாயா? நான்காவது நிமிடமே கண்ணாடிப் பெட்டியை உடைத்து, பெரும்பான்மை இல்லாமலே கட்டளை அனுப்ப வைக்கும் அவசரச் சாவியைத் திருப்பிவிட்டாய். மறுபக்கத்தோடு பேசி உறுதி செய்த பிறகே திருப்ப வேண்டும் என்று பெட்டியின் மேலேயே சிவப்பில் எழுதியிருக்கிறது. என் கையெழுத்து புரியவில்லை என்று மட்டும் சொல்லாதே, அது அச்சு.

பலன் என்ன? நம்மிடம் இருப்பது ஒரே ஒரு குழந்தை வண்டி. இன்குபேட்டர் உள்ள அந்த ஒரே வண்டி இரண்டு ஆஸ்பத்திரிகளுக்கு வாக்குக் கொடுக்கப்பட்டது. எல்லோரும் வாத்தியார் என்று கூப்பிடும் நம் ஓட்டுநர் பாலத்தின் நடுவில் மூன்று முறை வண்டியைத் திருப்பினார். கடைசியில் வயர்லெஸை அணைத்துவிட்டு, எது கிட்டத்தில் இருக்கிறதோ அங்கே போய்விட்டார். இரண்டு குழந்தைகளும் நலம். அது நம் சாமர்த்தியம் இல்லை.

இருபது வருடமாக உன் அவசரத்தைச் சுமந்தாகிவிட்டது. எனக்கு அலுத்துவிட்டது. பிரிந்துவிடலாம். அந்தப் பக்கம் உனக்கு, இந்தப் பக்கம் எனக்கு. மாத முடிவுக்குள் ஆம் அல்லது இல்லை என்று எழுத்தில் பதில் வேண்டும்.

பெரியவள்


ஜூலை 6, சனி
ஆற்றுக்கு அந்தப் பக்கம் (எனக்கு இதுதான் இந்தப் பக்கம்)

அக்கா,

உன் கடிதம் வந்தது. சிலிண்டர் வண்டியில் ஆக்சிஜனோடு வந்தும் படித்தவுடன் எனக்கு மூச்சு முட்டியது.

காத்திருக்க வேண்டுமாம். யாரிடம் சொல்கிறாய்? திரை "காத்திருக்கவும்" என்று சொல்லும்போது என் அறையில் ஒன்பது தொலைபேசிகள் அடித்துக்கொண்டிருந்தன. ஒரு ஆள் "எங்கப்பா மூச்சு விட முடியலன்னு சொல்றாரு, வண்டி எங்க?" என்று கத்துகிறார். நான் அவரிடம் என்ன சொல்ல? "கொஞ்சம் பொறுங்க, எங்களுக்குப் பெரும்பான்மை கிடைக்கல, கிடைச்சதும் மூச்சு விடலாம்" என்றா?

உன் விதி கணினிக்கு நல்ல விதி. வங்கிக்கு நல்ல விதி. ஆம்புலன்ஸுக்கு அது கொலைகாரத்தனம். சந்தேகம் வந்தால் போக வேண்டும். ஒரு வீட்டுக்கு இரண்டு வண்டி போனால் ஒரு வண்டி சும்மா திரும்பும், டீசல் போகும். ஒரு வீட்டுக்கு ஒரு வண்டியும் போகாவிட்டால்?

இரண்டு வண்டி போனதால் பாதிக்கப்பட்டவர் ஒருவர்தான், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கால் சுளுக்கு என்று கூப்பிட்டவர். அவர் எனக்குச் சொன்னார், அவர் மனைவி உன் அறைக்குச் சொல்லியிருக்கிறார். முதல் வண்டி வந்தபோது வாசலில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாராம். இரண்டாவது வண்டியும் விளக்கைச் சுழற்றிக்கொண்டு வந்து நின்றதும், "எனக்கு என்னமோ பெருசா இருக்கு, எங்கிட்ட மறைக்கிறாங்க" என்று மயங்கி விழுந்துவிட்டார். அதற்கப்புறம் நிஜமாகவே வண்டி தேவைப்பட்டது.

உனக்குத் தொலைபேசி செய்யாமல் சாவியைத் திருப்பினேன் என்பது அபாண்டம். நாலு தடவை செய்தேன். நாலு தடவையும் எங்கேஜ்டு. யாரோடு பேசிக்கொண்டிருந்தாய்?

பிரிவதைப் பற்றி யோசித்துச் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு சந்தேகம். குழந்தை வண்டி ஒன்றுதான். அதை எப்படிப் பிரிப்பாய்? முன் சக்கரம் உனக்கு, பின் சக்கரம் எனக்கா?

சின்னவள்


ஜூலை 9, செவ்வாய்

சின்னவளுக்கு,

நான் யாரோடும் பேசிக்கொண்டிருக்கவில்லை. உன்னைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். உன்னுடையதுதான் எங்கேஜ்டு.

இன்னொரு கேள்வி என்னைக் குடைந்தது. பாலத்துக் கேபிள் அறுந்தாலும் அப்பா வீட்டுச் சர்வர் நம் இருவருக்கும் தனித்தனி லைனில் தெரிய வேண்டும். அது யாரோடு முதலில் சேர்கிறதோ அந்தப் பக்கம் வேலை நடக்க வேண்டும். மூன்றாவதை வைத்ததே அதற்குத்தான். அது ஏன் பேசவில்லை?

நேற்றுப் போய்ப் பார்த்தேன். சர்வர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. மேலே ஒரு துணி போர்த்தி, அதன்மேல் மூக்குக்கண்ணாடிக் கூட்டை வைத்திருக்கிறார். தூசு இல்லை. பதிவை எடுத்துப் பார்த்தால், கடந்த ஏழு மாதமாகத் தினமும் மாலை 5.00 முதல் 5.45 வரை அது செத்துக்கிடக்கிறது. ஒரு நாள் தவறவில்லை. ஞாயிற்றுக்கிழமைகூட.

நான் அவரைப் பார்த்தேன். மணி ஐந்து அடித்தது. செருப்பை மாட்டினார். கைத்தடியை எடுத்தார். கதவைப் பூட்டுமுன் மீட்டர் பெட்டிக்குப் போய் மெயினை அணைத்தார்.

"என்னப்பா பண்றீங்க?"

"வாக்கிங் போறேன்ல. ஆள் இல்லாத வீட்ல கரண்ட் எதுக்கு? முப்பத்தஞ்சு வருஷம் மின்சார ஆபீஸ்ல இருந்தவன் நான். எத்தனை வீடு எரிஞ்சதைப் பாத்திருக்கேன்."

குடும்பத்திலேயே ஒழுங்கான மனிதர் என்றுதான் மூன்றாவது சர்வரை அவரிடம் வைத்தோம். அவருடைய ஒழுங்குதான் நம்மைக் கவிழ்த்திருக்கிறது. ஏழு மாதமாக நமக்குத் தெரியவும் இல்லை. கேபிள் இருந்தவரை நம் இரண்டு சர்வரே போதுமாக இருந்தது. மூன்றாவது இருக்கிறதா என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இது என் தவறு. மூன்றாவது மூச்சு விடுகிறதா என்று தினமும் சோதிக்கும் நிரல் எழுதியிருக்க வேண்டும். ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் விதி தவறில்லை. அப்பாவிடமே நடந்ததையெல்லாம் விளக்கி, யார் சொல்வது சரி என்று கேட்டேன். ஆற அமரக் கேட்டுவிட்டு, "நீ சொல்றதுதான் சரிம்மா, சந்தேகம்னா நிக்கணும்" என்றார். ஆக இரண்டு ஓட்டு என் பக்கம்.

பதில் எங்கே? ஆமா, இல்லையா?

பெரியவள்


ஜூலை 11, வியாழன்

அக்கா,

இரண்டு ஓட்டா? உட்கார்ந்துகொண்டு படி.

உன் கடிதம் வந்த அன்றே நானும் அப்பாவிடம் போனேன். எல்லாவற்றையும் விளக்கினேன். அவரும் ஆற அமரத்தான் கேட்டார். கடைசியில் என் தலையில் கையை வைத்து என்ன சொன்னார் தெரியுமா? "நீ சொல்றதுதான் சரிம்மா, சந்தேகம்னா போயிரணும்."

"அக்காகிட்ட வேற மாதிரி சொன்னீங்களாமே?" என்று கேட்டேன்.

"அவ பெரியவ. அவ கேட்டா அவளுக்குத்தான் சொல்லணும். நீ சின்னவ. நீ கேட்டா உனக்கு."

நடுவராக வைத்த ஆள் இருவரிடமும் ஆமாம் போட்டால் எப்படி அக்கா? மெயினை அணைத்துவிட்டுப் போனாலாவது, ஆள் இல்லை என்று தெரியும். இவர் இரண்டு பேருக்கும் சிரித்த முகமாக ஓட்டுப் போட்டு அனுப்பியிருக்கிறார். அப்பாவைவிட அந்தச் சர்வர் எவ்வளவோ தேவலாம்.

சரி, இன்னொரு பதிவையும் நான் எடுத்துப் பார்த்தேன். என் சாவி திரும்பியது 5.24க்கு. உண்மை. இன்னொரு சாவி 5.27க்குத் திரும்பியிருக்கிறது. எந்த அறையில் என்று நான் சொல்ல வேண்டுமா? சிவப்பு அச்சை எழுதிய கையே கண்ணாடியை உடைத்திருக்கிறது! நான் மட்டும் சாவியைத் திருப்பியிருந்தால் உன் பக்கம் சும்மா நின்றிருக்கும். குழந்தை வண்டி ஒரு இடத்துக்குத்தான் போயிருக்கும். இரண்டு பேரும் திருப்பியதால்தான் வாத்தியார் பாலத்தில் பம்பரம் விட்டார். எட்டு நாளாக என்னைத் திட்டிக் கடிதம் எழுதினாயே, எந்த முகத்தோடு எழுதினாய்?

எனக்கு அழுகையாக வந்தது. சாவியைத் திருப்பியதற்காக இல்லை. சொல்லாமல் இருந்தாயே, அதற்காக.

சின்னவள்


ஜூலை 14, ஞாயிறு

சின்னவளுக்கு,

ஆமாம். திருப்பினேன்.

ஏழு நிமிடம் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எட்டாவது நிமிடம் நிற்க முடியவில்லை. குறைமாதக் குழந்தை என்று ஒரு நர்ஸ் மறுபடி மறுபடி கூப்பிட்டாள். "வருது, வருதும்மா" என்று நாற்பது நிமிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். எது வருகிறது என்று எனக்கே தெரியாது. என் விதியை நானே மீறிவிட்டேன் என்று உன்னிடம் ஒப்புக்கொள்ள வெட்கமாக இருந்தது. அதற்காகத்தான் முதல் கடிதத்தில் அவ்வளவு சத்தம் போட்டேன். மன்னித்துவிடு என்று எழுத வரவில்லை. எழுதிவிட்டேன் என்று எடுத்துக்கொள்.

எங்கேஜ்டு மர்மம் தீர்ந்தது. தொலைபேசிப் பதிவு இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். 5.20க்கு நீ என்னைக் கூப்பிட்டிருக்கிறாய், அதே நொடியில் நான் உன்னை. இரண்டு பேருக்கும் எங்கேஜ்டு. பிறகு இருவருமே சரியாக ஒரு நிமிடம் பொறுத்திருக்கிறோம். மறுபடி ஒரே நொடியில். மறுபடி எங்கேஜ்டு. இப்படியே நாலு தடவை. "எங்கேஜ்டா இருந்தா ஒரு நிமிஷம் எண்ணிட்டு அப்புறம் கூப்பிடு" என்று சின்ன வயதில் நம் இருவருக்கும் சொல்லிக் கொடுத்தது யார் என்று உனக்குத் தெரியும். இரண்டு மகள்களும் இவ்வளவு சொல்பேச்சுக் கேட்டு வளர்ந்திருக்க வேண்டாம்.

அப்பா வீட்டுச் சர்வரை மருந்துக் கடைக்காரர் வீட்டுக்கு மாற்றலாம் என்று போனேன். அப்பா தரமாட்டேன் என்கிறார். மெயினை விட்டுவிட்டு ஒவ்வொரு சுவிட்சாக அணைப்பதாகவும், சர்வர் சுவிட்சை மட்டும் தொடமாட்டேன் என்றும் சத்தியம் செய்கிறார். இனி தினமும் 5.10க்கு அது மூச்சு விடுகிறதா என்று நிரல் சோதிக்கும். சத்தியத்தின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

கேள்வி மிச்சமிருக்கிறது. நில் என்றால் நம்மால் நிற்க முடியவில்லை. போ என்றால் பாலத்தில் முட்டிக்கொள்கிறோம். இது தீராத வரை பிரிவதே மேல் என்று இப்போதும் நினைக்கிறேன். மாத முடிவு நெருங்குகிறது. வழவழ கொழகொழ என்று எழுதாமல் பதில் சொல்.

அக்கா


ஜூலை 17, புதன்

அக்கா,

இந்த முறை அக்கா என்று கையெழுத்துப் போட்டிருந்தாய். கவனித்தேன்.

மூன்று நாளாக எனக்கு இதே நினைப்பு. தலைசீவும்போதுகூட. நாம் செய்த முட்டாள்தனம் என்ன தெரியுமா? எல்லா வண்டிக்கும் ஒரே விதி வேண்டும் என்று இருவரும் மல்லுக்கு நின்றோம். நீ நில் என்றாய், நான் போ என்றேன். பதினோரு சாதாரண வண்டியும் ஒரு குழந்தை வண்டியும் ஒன்றா?

சாதாரண வண்டிக்கு என் விதி. கேபிள் அறுந்தால் அவரவர் பக்கத்து வண்டிகளை அவரவர் ஓட்டட்டும், யாரையும் கேட்க வேண்டாம். ஒரு வீட்டுக்கு இரண்டு போனால் போகட்டும். போய் இறங்கும் ஓட்டுநர் முதலில், "ஏற்கெனவே வண்டி வந்துச்சா? பயப்படாதீங்க, உங்களுக்கு ஒண்ணும் இல்ல, எங்க லைன்தான் சரியில்ல" என்று சொல்லட்டும். சுளுக்குக்காரரை நினைத்து இதைச் சேர்த்திருக்கிறேன்.

குழந்தை வண்டிக்கு உன் விதி, இன்னும் கடுமையாக. ஒரு வாரம் அது என்னுடையது, அடுத்த வாரம் உன்னுடையது. யாருடைய வாரமோ அவள் மட்டும்தான் வாக்குக் கொடுக்கலாம். கேபிள் இருந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கேபிள் இல்லை என்றால் மற்றவள் கூப்பிட்டவரிடம் ஒரு நிமிடத்துக்குள் "இல்லை" என்று சொல்லிவிட வேண்டும். "வருது வருது" கூடாது. அந்த வண்டிக்கு அவசரச் சாவியே வேண்டாம். கண்ணாடிப் பெட்டி இருந்தால் நாம் உடைப்போம், நம்மை எனக்குத் தெரியும்.

இதிலும் ஓட்டை இருக்கிறது. என் வாரத்தில் என் அறையே தீப்பிடித்தால் வண்டி சும்மா நிற்கும், உனக்கும் கிடைக்காது. அந்த நஷ்டத்தை ஏற்றுக்கொண்டுதான் ஆக வேண்டும். எல்லாம் வேண்டும் என்று கேட்டதால்தான் போன தடவை எதுவும் கிடைக்கவில்லை.

தொலைபேசிக்கு ஒரு தாயக்கட்டை வாங்கி வைத்திருக்கிறேன். எங்கேஜ்டு என்றால் உருட்டுவேன். விழுந்த எண் எவ்வளவோ அத்தனை நிமிடம் பொறுப்பேன். நீயும் ஒன்று வாங்கு. இருவருக்கும் ஒரே எண் விழுந்துகொண்டே இருந்தால் அது விதி, அப்போது பிரிந்துவிடலாம்.

உன் கேள்விக்கு இன்னும் யோசிக்கிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். "இல்லை" என்று விதிப்புத்தகத்தில் எழுதுவது சுலபம். நீ ஒருநாள் தொலைபேசியில் உட்கார்ந்து, அதை ஒரு ஆளிடம் வாயால் சொல்லிப் பார்.

சின்னவள்


ஜூலை 28, ஞாயிறு

சின்னவளுக்கு,

சொல்லிப் பார்த்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணி. அழைப்பு எடுக்கும் பெண்ணுக்குக் காய்ச்சல்; அவள் நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். பாலத்தில் அதே இயந்திரம், இந்த முறை கேபிளோடு நம் இரண்டு அறைக்கும் நடுவிலான தொலைபேசி லைனையும் சேர்த்துக் கொண்டுபோனது. தாயக்கட்டைக்கு வேலையே இல்லை. சாதாரண வண்டிகள் உன் விதிப்படி தாமாகவே ஓடின. திரையில் காத்திருக்கவும் என்ற சொல்லே வரவில்லை. இதை எழுதக் கசக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன்: அழகாக ஓடின.

12.10க்கு ஒரு சின்ன மருத்துவமனையிலிருந்து அழைப்பு. டாக்டர் இல்லை, குழந்தையின் அப்பாவே பேசினார். பிறந்து ஆறு மணி நேரம், மூச்சுத் திணறல், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். உன் வாரம் அது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஆற்றுக்கு அந்தப் பக்கம், உன் கொட்டகையில், குழந்தை வண்டியின் மஞ்சள் கூரை தெரிகிறது. சும்மா நிற்கிறது. கை நீட்டினால் எட்டும் போல நிற்கிறது.

வயர்லெஸில் ஒரு வார்த்தை சொன்னால் வாத்தியார் கிளம்பிவிடுவார். சாவி இல்லாவிட்டாலும் வாய் இருக்கிறதே. என் கை வயர்லெஸ் வரை போனது.

நான் அவரிடம், "குழந்தை வண்டி இப்ப இல்லைங்க" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. "சாதாரண வண்டி நர்ஸோட அனுப்பறேன், ஆறு நிமிஷத்துல வரும். வடக்கு ரோட்டு ஆஸ்பத்திரிக்குச் சொந்தமா ஒரு இன்குபேட்டர் வண்டி இருக்கு, நம்பர் எழுதிக்கங்க." அவர் நம்பரை எழுதிக்கொண்டு வைத்துவிட்டார். மொத்தம் நாற்பது நொடி. நான் போய் சிலிண்டர் அறையில் நின்று அழுதேன். உன் மேல் கோபமாக வந்தது, என் மேலும்.

12.13க்கு ஜன்னலில் பார்த்தேன். மஞ்சள் கூரை நகர்ந்தது. நீ அதை வேறொரு குழந்தைக்கு ஏற்கெனவே கொடுத்திருந்தாய் என்பதை நான் சாயந்தரம் பதிவில்தான் பார்த்தேன்.

நேற்று அந்த அப்பா அறைக்கே வந்தார். திட்ட வந்திருக்கிறார் என்று எழுந்து நின்றேன். குழந்தை பிழைத்துவிட்டது. வடக்கு ரோட்டு வண்டி பதினைந்து நிமிடத்தில் வந்ததாம். அதுவரைக்கும் நம் நர்ஸ் பக்கத்திலேயே இருந்திருக்கிறாள். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நீங்க சட்டுனு இல்லைன்னு சொன்னீங்க. அதனாலதான் நான் வேற வழி பாத்தேன். வருது வருதுன்னு சொல்லியிருந்தா அங்கயே உக்காந்திருப்பேன்."

அவருக்கு ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டேன். போன தடவை நாற்பது நிமிடம் வருது வருது என்று சொன்னவள் நான்தான் என்று அவருக்குத் தெரியாது.

உன் ஏற்பாடு சரி. நீ சொன்னது சரி, நான் சொன்னதும் சரி. அப்பாவிடம் சொல்லாதே, அவர் அப்போதே சொன்னேனே என்பார்.

பிரிவு விஷயத்தில் என் கேள்வி அப்படியே நிற்கிறது என்று எழுத வந்தேன், கை போகவில்லை. கேள்வியைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் வாய் வரவில்லை. மூன்று கடிதத்தில் கேட்டாகிவிட்டது, இப்போது வாபஸ் என்றால் நீ வாழ்நாள் முழுக்கக் கிண்டல் செய்வாய். இன்னும் மூன்று நாளில் கெடு முடிகிறது. இரண்டு நாளாக எனக்குத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை. எதுவானாலும் சொல்லிவிடு. பொறுத்துக்கொள்வேன்.

அக்கா


ஜூலை 29, திங்கள்

அக்கா,

பிரிந்துவிடலாமா என்று கேட்டிருந்தாய்.

இல்லை.

சட்டென்று சொல்லிவிட்டேன். நீ வேறு வழி பார்த்துக்கொள்.

சின்னவள்